பிள்ளையாரிடம் கேட்ட விக்கெட்

நம் பிள்ளைக்காகச் சாமியிடம் கேட்பது, அடுத்தவர் பிள்ளைக்கு எதிராகக் கேட்பதாகிவிடுமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில், மகளை மடியில் வைத்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு அம்மாமார். மூத்தவரின் மகள் துடுப்பெடுத்தாடுபவள், இளையவரின் மகள் பந்து வீசுபவள். பெண்கள் இருபது ஓவர் தொடரின் கடைசி மெச்சில் இரண்டு பிள்ளைகளும் எதிரெதிர் அணியாம். அதில் சோபிக்காவிட்டால் அடுத்த சீசனுக்கு எடுக்கமாட்டார்களாம்.

இளையவர் மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க மக முதல் பந்திலேயே அவுட்டாகணும்னு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டேன்."

"அடிப்பாவி. அவ உன் வீட்டுல சோறு தின்னு வளந்தவடி."

"அதான்க்கா எனக்குத் தூக்கமே இல்ல."

"சரி, மாத்திச் சொல்லு. அவ அம்பது அடிக்கட்டும், பொறகு உன் மக அவுட்டாக்கட்டும்."

"அதுவரைக்கும் என் மக அடி வாங்கணுமா?"

"மத்த பிள்ளைங்க பந்துல அடிக்கட்டும்."

"அவங்க அம்மாமாரும் தேங்காய் உடைச்சிருப்பாங்களே."

"அப்ப மழைய கேட்போமா?"

"மெச்சே நடக்காட்டி ரெண்டு பேரையும் எடுக்கமாட்டாங்கக்கா."

பிள்ளையார் கோயிலடி வந்ததும் இளையவர் எழுந்தார். "எறங்குங்க. நேர்லயே விளக்கிடுவோம். நீங்களே பேசுங்க, உங்களுக்குத்தான் கிரிக்கெட் விளங்கும்."

என் மகளுக்கு வெள்ளிக்கிழமை முன்பள்ளி விளையாட்டுப் போட்டி. கயிற்றில் தொங்கும் பணிஸைச் சாப்பிடும் போட்டியில் அவள் முதலாவதாக வரவேண்டும் என்று நானும் விளக்கேற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில் இருக்கிறாள். வேண்டுதலைத் திருத்துவதா, அப்படியே விடுவதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.