ஐந்தாவது பாடம்

— கத்தாதேடி ரெனாட்டா. வேலிக்கு அந்தப் பக்கம் மெர்ல் நிக்கிறா.

— நிக்கட்டும்மா. இங்ஹம் ஊரு முழுக்கக் கேக்கட்டும். ஆமா, ஃபிசிக்ஸை விட்டுட்டேன்.

— நான் துணி எடுக்க வந்தேன், ஒர்னெல்லா. நீங்க பாட்டுக்குப் பேசுங்க. எனக்குக் காதும் அவ்வளவாக் கேக்காது.

— கேட்டவரைக்கும் நீயே நியாயத்தைச் சொல்லு மெர்ல். பன்னெண்டாம் வகுப்புப் பொண்ணு. ஃபிசிக்ஸை விட்டுட்டு டீசல் எஞ்சின் சான்றிதழ் வகுப்புல சேந்திருக்கா. ஒரு வார்த்தை கேக்கலை.

— கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பே.

— இப்ப யூனிவர்சிட்டி ரேங்கே கிடையாது, தெரியுமா? அதுக்கு அஞ்சு பெரிய பாடம் இருக்கணும்.

— இல்லேன்னா நாலு பெரிய பாடமும் ஒரு சான்றிதழும். அதோட இங்கிலீஷ்ல பாஸ். விதியெல்லாம் மனப்பாடமா ஒப்பிப்பியே, அந்த வரியை மட்டும் எப்படிம்மா தாண்டினே?

— தாண்டலை. பிடிக்கலை. ஃபிசிக்ஸ்னா கஷ்டமான பாடம்னு ரேங்க் போடறப்ப மார்க்கைத் தூக்கிவிடுவாங்கன்னு ஊரு க்ளப்ல அத்தனை பேரும் சொல்றாங்க.

— தூக்குறதுக்கு என்கிட்ட ஏதாவது இருக்கணுமே. அந்த வகுப்புல எனக்குக் கீழே தரைதான் இருக்கு.

— க்ளப்புக்கு வர்ற ரோசெல்லாவோட மகளுக்கு ஃபிசிக்ஸ் எடுத்துத்தான் எண்பத்தேழு வந்துச்சு.

— எண்பத்தேழு மார்க்கா? அதுக்கா அவ மாதா கோயில் வாசல்ல கேக் குடுத்தா?

— மார்க் இல்ல மெர்ல். என் வயசுக்காரங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா, எண்பத்தேழு பேரு அவளுக்குப் பின்னால நிப்பாங்க.

— அடேயப்பா. என் கல்யாணத்துக்கே அவ்வளவு பேரு வரலை.

— சரிடி, ரேங்க் வரும்னே வெச்சுக்குவோம். யூனிவர்சிட்டிக்குப் போவியா?

— மாட்டேன்.

— பின்ன எதுக்கு இந்த வக்கீல் பேச்சு?

— போக முடியாதவ வேற, போக மாட்டேங்கிறவ வேற. ரேங்க் வாங்கிக் கையில வெச்சுக்கிட்டுத்தான் வேண்டாம்னு சொல்லுவேன். அப்பத்தான் ஊரு வாயை மூடும்.

— ஊரு வாய்னு சொல்றப்ப வேலிக்கு இந்தப் பக்கம் என்னை ஏன் பாக்குறே ரெனாட்டா?

— நீ ரேங்க் வாங்கிக் கிழிச்சேடி. கணக்குப் புஸ்தகத்தைத் தொட்டு எத்தனை நாளாச்சு?

— எங்கே தொடறது? எப்பப் பாத்தாலும் உன் மடியில இருக்கு. அடுப்புல பாஸ்தா பொங்கி வழியுது, நீ பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே.

— உனக்குச் சொல்லிக் குடுக்கத்தான்.

— நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

— பின்ன ஏன் ஒர்னெல்லா, அதை மடியிலயே வெச்சுக்கிட்டிருக்கே?

— பதினஞ்சு வயசுல என்னைப் படிப்பை நிறுத்திப் பேக்கரி வேலைக்கு அனுப்பிட்டாங்க மெர்ல். கணக்குல நான்தான் வகுப்புல முதல். எவன் எந்த வரிசையில என்னை நிறுத்திப் பாத்தான்? போ, தூறல் போடுது, துணியை எடு.

*

— புதுசாக் குடி வந்தவங்களா? நான் மெர்ல், பக்கத்து வீடு. வேலிமேல மாம்பழம் சாஞ்சா நீங்களே எடுத்துக்கலாம். யாரு வர்றா போறான்னு நான் பாக்கவே மாட்டேன்.

— சந்தோஷம். முன்ன இருந்தவங்க டவுன்ஸ்வில் போயிட்டாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாரு. யூனிவர்சிட்டிப் படிப்புக்காமே?

— ஆமாமா. வீட்டையே வாடகைக்கு விட்டுட்டுப் போயாச்சு.

— பொண்ணு நல்லாப் படிக்கிறவளோ?

— ரெனாட்டாவா? மூணு வருஷம் முன்ன ரேங்க் எண்பத்தொண்ணு வாங்கினா. வாங்கின கையோட வேண்டாம்னுட்டா. கரும்பு போடுற பவெட்டோ வீட்டுப் பையனைக் கட்டிக்கிட்டு இங்கதான், ஆத்துக்கு அந்தாண்ட. கரும்பு வெட்டுற மெஷினை அவ ஓட்டுறா, அவன் டிராக்டர்ல பின்னாலயே வர்றான்.

— அப்ப படிக்கப் போனது யாரு?

— ஒர்னெல்லா, அவ அம்மா. நாப்பத்தாறு வயசு. புருஷன் சமைக்கிறான், இவ கணக்கு டீச்சருக்குப் படிக்கிறா. அந்த வயசுக்கு யாரும் ரேங்கே கேக்கலையாம். அதுல மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.