நண்டுத் தலையோடு வந்த பேய்

ஒட்டுக்கேட்பது பிழை என்று தெரிந்தும் கேட்டேன். உரும்பிராய் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள்.

"சம்பந்தம் பேச வந்த ஆக்களுக்கு உந்தப் படத்தையோடா போட்டனி?"

"டீவியிலை மாறிப் போட்டிட்டன் மச்சான். ஜப்பான் ரவுடித் தலைவன் செத்து, தலைக்குப் பதிலா நண்டோட பேயா வந்து, தன்ரை அடியாட்களைக் கடிச்சுக் கடிச்சு ஆடுறான்."

"கலியாணம் குழம்பிச்சுது, போ. பெட்டையின்ரை தகப்பன் என்ன சொன்னார்?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழும்ப மனம் வரவில்லை.

"கண்வெட்டாமல் படத்தையே பார்த்தார். நான் பதறிப்போய் நிப்பாட்டினன். பிறகு, 'தம்பி, உவனுக்கு ஒருத்தரும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யேல்லைப் போலை. அதுதான் அலையிறான்' எண்டார்."

"ஐயோ!"

"அவருக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லையடா. 'எனக்கு நீர் செய்வீரோ?' எண்டு கேட்டார். 'ஓம் மாமா' எண்டன்."

"மாமா எண்டே சொன்னனி? அதுக்கு?"

"'அப்ப மிச்சப் படத்தைப் போடும்' எண்டார்."