செவலையின் சொறி

– இது பொழைக்காதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி. எங்க வூட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. அது அவரு காதுல உழுந்தா, ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள நாய அடிச்சுக் கொன்னுடுவாரு.

– மொதல்ல அதோட வாயப் புடிம்மா. கடிச்சு வெச்சா எங்கைக்கு யாரு வைத்தியம் பாக்கறது? ஆங், அப்படித்தான். பேரென்ன?

– செவலைங்க.

– உம் பேரக் கேட்டேன்.

– சாலம்மாளுங்க. வத்தல்மலை அடிவாரத்துல இருந்து வரோம்.

– காதோரம், முட்டி, அடிவயிறு... திட்டுத் திட்டா முடி போயிருக்கே. சொறியுதா?

– தூங்கறதே இல்லீங்க. வேப்பமரத்துல ஒரசி ஒரசி ரத்தமே வருது. மண்ணெண்ண தடவினேன். கேக்கல. பொகையில ஊறவெச்ச தண்ணிய ஊத்திப் பாத்தேன்.

– அதான் தோலு வெந்து கெடக்கு. நக்கியிருந்தா செத்தே போயிருக்கும். இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கேட்டியா. தோலக் கொடஞ்சு உள்ள முட்ட வைக்குது. மிச்ச முடியக் கத்திரிச்சு, வெந்நியில கழுவிட்டு, புங்கெண்ணெயில கந்தகத்தக் கொழச்சுப் பூசு. அது படுக்கிற சாக்க எரிச்சுடு. யுத்தம் வந்ததுல இருந்து கந்தகம் சரியா வர்றதில்ல. இருக்கறத மடிச்சுத் தரேன்.

– முடி மொளைக்குங்களா?

– பொறுமையாப் பூசினா மொளைக்கும்.

– நீங்க நல்லா இருக்கோணும் சாமி. போன வருசம் தூளியில கெடந்த எம்புள்ளய ஓநாய் இழுக்க வந்துச்சுங்க. நான் காட்டோட அந்தக் கடைசியில களை வெட்டிக்கிட்டிருந்தேன். இதுதான் மல்லுக்கட்டித் தொரத்துச்சு.

– அப்படிப்பட்ட நாய ஏன் கொல்லணுங்கறான் உம் புருஷன்?

– எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னுதாங்க. இந்தா, முழங்கைக்குக் கீழ.

– கிட்ட வா. வெளிச்சத்துல காட்டு. வெளுத்துல்ல கெடக்கு! எப்ப இருந்து?

– சோளம் வெதைக்கறப்பவே இருந்துச்சுங்க.

– அப்ப நாய்க்குச் சொறி வந்திருந்துச்சா?

– இல்லீங்க. இதுக்கு இப்பத்தான் வந்துச்சு.

– அரிக்குதா?

– ஒண்ணுந் தெரியலீங்க.

– மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்க. நான் தொட்டதும் சொல்லு.

– சரிங்க... சாமி, இன்னுந் தொடலீங்களா?

– ஊசியால குத்திட்டேம்மா. ரத்தம் வருது பாரு.

– அய்யோ...

– நாய்ச் சொறின்னா அரிச்சே தீரும். நான் மாட்டு டாக்டருதான். ஆனா இத நெறைய பேருகிட்டப் பாத்திருக்கேன். இது பெருவியாதி சாலம்மா, குஷ்டம். நாய்கிட்ட இருந்து வர்றதில்ல.

– மெதுவாப் பேசுங்க சாமி. அவரு காதுல உழப்போவுது.

– ஆரம்பந்தான். பெரியாஸ்பத்திரியில நீரடிமுத்து எண்ணெய ஊசியாப் போடறாங்க. விடாமப் போனா அடங்கலாம். அதுவரைக்கும் புள்ளயத் தனியாப் படுக்க வை. உம் புருஷன்கிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்.

– வேண்டாஞ்சாமி! எங்கூருல குள்ளம்மாளுக்கு இது வந்தப்ப ஏரிக்கரையில குடிச போட்டுத் தள்ளி வெச்சாங்க. பெத்த புள்ளயத் தூரமாக் கரை மேல நிறுத்திக் காட்டினாங்க. அவ அங்கியே செத்தா. இதுவும் சொறின்னே சொல்லிடுங்க. வெறகு விக்கப் போறேன்னு சொல்லிட்டு ஊசிக்கு வந்துடறேனுங்க.

– நாய்கிட்ட இருந்து ஒட்டின சொறின்னு நான் சொன்னா, வெளிய போனதும் உம் புருஷன் நாயக் கொன்னுடுவானேம்மா?

– எம்புள்ள இன்னும் பால்குடி மறக்கலீங்க.

– அதுக்காக என்னப் பொய் சொல்லச் சொல்றியா? பாவம், நாய் உன்னியே பாக்குது பாரு.

– என்ன அதப் பாக்க வெக்காதீங்க சாமி.

– என்னாங்க டாக்டரய்யா, எவ்வளவு நேரம் வெளிய நிக்கறது, இன்னும் முடியலீங்களா? ஏன் சாலா, அழுதியா என்ன?

– வாப்பா. உக்காரு. உம் பொஞ்சாதி கையப் பாத்தேன். அது வந்து...

– நான் சொல்றேனுங்க. மாமா, செவலகிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சாம். நாய் போயிட்டா எனக்கும் போயிடுமாம்.