மாமா கட்டிய நரம்பு

"ஒருத்தரும் காணாத பந்து உள்ளையோ, வெளியையோ மாமா?" என்று நிரோசினி ஒருநாள் என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயதிருக்கும். கூரை போன மீனவர் சங்கக் களஞ்சியத்தின் சீமெந்து நிலத்தில் நான் சுண்ணாம்பால் ரெனிஸ் கோடு கீறி, குறுக்கே பழைய வலைத்துண்டு ஒன்றை இழுத்துக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

"ஆண்டவர் கண்டிருப்பார். உனக்குச் சந்தேகம் எண்டால் மற்றப் பிள்ளைக்குச் சாதகமாய்ச் சொல்லு" என்றேன்.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கொழும்பில் ஒரு போட்டியில், எதிர்ப்பக்கப் பிள்ளை அடித்து வெளியே விழுந்திருக்கக்கூடிய பந்தை உள்ளே என்று சொல்லி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தாள். நீங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பெட்டைக்கு ஆர் இந்த விசரைப் பழக்கினது?" என்று கேட்டீர்கள். நான்தான் பழக்கினேன், மாஸ்டர். ரெனிஸை நீங்கள் பழக்கினீர்கள்.

இருங்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள். உங்கள் மடியில் இருக்கும் றக்கெற் அவளுடையதுதான். அதைக் கொழும்பில் கருவி வைத்து அளந்ததாகச் சொன்னீர்கள். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கும் நரம்பு இருக்கவேண்டியதைவிட மிகவும் இறுக்கமாக இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் அளந்தது சரி. பின்னேரச் செபமாலையை இந்த ஊரில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

என் அக்கா புனிதம் செட்டிகுளம் அகதி முகாமில் காய்ச்சலில் போனவா. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. தகப்பன் அதற்கு முதலே இல்லை. கடைசியாக அவா சொன்னது ஒன்றுதான்: "மத்தேயு, இவளைத் தனிய விட்டிடாதை." நான் ஓம் என்றேன். பிறகு நான் கலியாணமும் செய்யவில்லை. ஊராருடைய கிழிந்த வலைகளைப் பொத்தி, அவளுக்குச் சமைத்துப் போட்டு, தலை வாரி இழுத்துவிட்டு, பூசைக்குக் கூட்டிப்போய் வளர்த்தேன்.

எனக்கு ரெனிஸில் வெறுப்பு இருந்ததில்லை. கன்னியாஸ்திரிகள் கொடுத்த பழைய றக்கெற்றில் நரம்பு அறுந்திருந்தபோது, மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டிக் கொடுத்தது நான்தான். விளையாட்டுப் போட்டிக்கு வந்த நீங்கள் அதைக் கண்டு சிரித்தீர்கள். "இதாலை பந்து பிடிக்கிறனீங்களோ, பாரை மீன் பிடிக்கிறனீங்களோ பிள்ளை?" என்று கேட்டீர்கள். அடுத்த முறை வரும்போது நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்றையே கொண்டுவந்து, எனக்குப் பழக்கியும் விட்டீர்கள். அதற்குப் பிறகு அவளுடைய றக்கெற்றுகளை வேறு யாரும் தொட்டதில்லை.

தொழில்முறை வீராங்கனை என்றால் சனம் தொலைக்காட்சியில் காணும் ஆட்களைத்தான் நினைக்கிறது. இவளுடைய தொழில் அப்படி இல்லை. வவுனியாவில் பஸ் மாறி, யாரோ ஒருவருடைய வீட்டில் பாய் விரித்துப் படுத்து, உச்சி வெயிலில் தகுதிச் சுற்று ஆடி, முதல் நாளே வெளியே வருவதுதான். போனில், "மாமா, தோத்திட்டன்" என்பாள். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு மனம் இலேசாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்குப் பிடித்த மீனைத் தேடிப்போய் வாங்கி வைப்பேன்.

பிறகு துனிசியாவில் ஒரு சுற்று வென்றாள். உலகத் தரவரிசையில், கடைசிப் பக்கத்தில் என்றாலும், அவள் பெயர் வந்தது. பொடியள் வெடி கொளுத்தினார்கள். ஸ்பெயினில் இருக்கும் பயிற்சி நிலையம் ஒன்று அவளைக் கூப்பிடுகிறது என்ற செய்தியையும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்.

"ரெண்டு வருசம்தானே மாமா. ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன்" என்று குசினிக்குள் வந்து என் தோளைப் பிடித்து ஆட்டினாள்.

"நல்லது பிள்ளை" என்றேன். அன்றைக்கு மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளையும் கழுவினேன். ஒன்றைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். எஞ்சிய ஒன்றைப் பார்க்க முடியவில்லை. அங்கே போனால் பிள்ளை தனியே நிற்பாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன்பிறகுதான் நரம்பை இறுக்கத் தொடங்கினேன். ஒரேயடியாக இல்லை. வற்று நேரத்தில் கடல்நீர் இறங்குவதுபோல, ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

"எத்தினை இறாத்தல் இறுக்கம் போட்டனீங்கள் மாமா?" என்று கேட்பாள்.

"வழமைபோலத்தான்."

நரம்பு இறுகினால் பந்து எகிறாது, அடியின் அதிர்வு முழுக்கக் கைக்குத்தான் போகும் என்று நீங்கள்தான் பழக்கியிருந்தீர்கள். அவள் அடித்த பந்துகள் வலையில் குத்தத் தொடங்கின. எரிச்சலில் றக்கெற்றைத் தொடையில் அடித்துக்கொள்வாள். நீங்கள் வெளியில் நின்று, "சோறு தின்னேல்லையோ? இன்னும் பலமாய் அடி" என்று சத்தம் போட்டீர்கள். அவள் இன்னும் பலமாக அடித்தாள். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாதுதானே.

முழங்கையில் நோ தொடங்கியது. பின்னேரங்களில் உப்பை வறுத்து, சீலையில் முடிந்து, ஒத்தடம் கொடுப்பேன். சூடு கூடினால் ஊதி ஆற்றிக் கொடுப்பேன். எத்தனை தகப்பன்மார் இதைச் செய்வார்கள்? அவள் கதிரையில் சாய்ந்தபடி, "உங்கடை கை பட்டால்தான் மாமா குறையுது" என்பாள். சின்னச் சின்ன அன்புதான் மனிதரைத் தாங்குகிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அதை நான் நம்புகிறேன்.

ஒருநாள் அவளே கேட்டாள். "கொஞ்சம் இளக்கிக் கட்டுங்கோ மாமா. கை தாங்குதில்லை."

ஓம் என்றேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும்விடக் கூட இறுக்கினேன். றக்கெற்றின் சட்டம் முனகியது. உடைந்துவிடக்கூடாது என்று ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டேன். உடையவில்லை. உங்கள் மடியில் இருப்பது அதுதான்.

தசைநார் கிழிந்துவிட்டது என்றும், இனி அந்தக் கையால் விளையாடக் கூடாது என்றும் டொக்டர் சொன்னார். ஸ்பெயின்காரர் வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. ஒட்டுசுட்டான் தாண்டும்போது மட்டும், "நான்தான் பிழையாய் அடிச்சுக் கையைக் கெடுத்தனோ மாமா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, உன்னிலை பிழை இல்லை" என்றேன். அது உண்மைதானே. அவளுடைய கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தேன்.

மனம் வருந்தவில்லையா என்கிறீர்கள். தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்க முடியாமல் அவள் இரண்டு கையாலும் பிடிக்கும்போது வருந்துகிறேன். உடனே எழும்பிப்போய் நானே ஊற்றிக் கொடுக்கிறேன். ஆனால் பிள்ளை கூரைக்குக் கீழே இருக்கிறாள். சுடச்சுடச் சாப்பிடுகிறாள். மேசையில் இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. அக்கா கேட்டது இதைத்தான். வேறு ஒன்றும் அவா கேட்கவில்லை.

நீங்கள் இதை அவளிடம் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நொந்துபோய் இருக்கிற பிள்ளை. சொல்லாமல் விடுவதும் ஒரு சின்ன இரக்கம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று ஒரு றக்கெற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சுவரில் அடித்து அடித்து இடக்கையால் பழகுகிறாளாம். "முதல்லை இருந்து தொடங்கப்போறன் மாமா. மாஸ்டருக்கு இப்ப சொல்லாதேங்கோ" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

இன்று காலை அவள் பூசைக்குப் போனபின் கட்டி முடித்தேன். வீட்டில் யாரும் இல்லை. அக்காவிடம் பட்ட கடனை நான் எப்போதும் ஒருவரும் காணாமல்தான் தீர்ப்பது. உங்களுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறதே, அதுதான்.

அதை அளக்க வேண்டாம், மாஸ்டர். வழமைபோலத்தான்.