குளம்புக்கு நல்ல பவுடர்

குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஒரு சுண்டுவிரல் அகலம்கூட வளராது. மேலே ரோமம் முடிகிற இடத்தில் இன்று முளைப்பது கீழே தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இந்தக் குதிரையேற்றப் பள்ளியில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், முப்பத்தோரு வருடமாக இங்கே லாடம் அடிப்பவன். இன்னொருத்தி தீனி அறையில் வேலை பார்த்த என் தங்கை மகள். மற்றவர்களுக்குக் குதிரை என்பது உட்காருகிற இடம், அவ்வளவுதான். செயலாளர் ஐயா, நீங்களும் அந்த மற்றவர்களில் சேர்த்திதான். கோபித்துக்கொள்ளாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் சீமாட்டி என்று கூப்பிட்ட அந்தச் செம்பழுப்புக் குதிரை வந்தபோது அதன் குளம்புகள் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தன. ஓரம் ஓரமாகப் பிய்ந்து வரும், ஆணி நிற்காது. உடம்பிலும் பளபளப்பு இல்லை. யாரோ தலையில் கட்டிவிட்ட சரக்கை, பள்ளியை நடத்துகிற நம் கேப்டன் பெருமையாக ஓட்டிக்கொண்டு வந்தார். குதிரைக்கு எந்தப் பக்கம் வாய் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறவர் அவர்.

என் தங்கை மகளுக்கு அப்போது வேலையில் சேர்ந்து நாலு மாதம். நான்தான் சிபாரிசு செய்தேன், பிறகு அதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அவள் எங்கெங்கோ படித்து, விசாரித்து, ஒரு சத்துப் பவுடரை வரவழைத்தாள். பயோட்டின், துத்தநாகம், இன்னும் என்னென்னவோ அதில் இருந்தன. தினமும் காலையில் ஒரு கரண்டி எடுத்து, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிட்டு, ஓட்ஸில் கலந்து வைப்பாள். குதிரைக்காரர்கள் அவளுக்குப் பவுடர் டாக்டர் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை நான் சீமாட்டியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பழைய குளம்பைச் செதுக்கி, அரம் போட்டு, எடை சரியாக விழும்படி லாடம் வைத்தேன். பத்து மாதத்தில் புதுக் குளம்பு முழுசாக இறங்கியது. உடம்பு கண்ணாடியாக மின்னியது. பெற்றோர்களைக் கூப்பிட்டு விழா வைத்தீர்களே, ஞாபகம் இருக்கும். கேப்டன் என்னிடம் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"பாத்தீங்களா? எல்லாம் நம்ம பொண்ணு போட்ட பவுடர் செஞ்ச வேலை" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் மடியில் இருந்த காலைப் பார்த்தார்களே தவிர, மடி யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவள் மட்டும், "பவுடர் மட்டும் இல்ல சார், மாமாதான்..." என்று ஆரம்பித்தாள். கைதட்டலில் அது கேட்கவில்லை. உண்மையிலேயே சொல்ல நினைப்பவர்கள் கைதட்டல் ஓயும்வரை காத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடும். இரும்பைத் தட்டி வளைக்கிறவனுக்கு மாவைக் கலக்குகிறவளிடம் என்ன பொறாமை?

அதற்கு அடுத்த வாரம் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினாள்.

"இதுல செலினியம்னு ஒண்ணு இருக்கு மாமா. துளியூண்டு இருந்தா நல்லது. ஜாஸ்தியாச்சுன்னா முடி கொட்டிடும், குளம்பே கழண்டு வந்துடுமாம். அதான் அளவுல இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கேன்."

என் தொழிலைப் பற்றி எனக்கே சொல்லித் தந்த முதல் ஆள் அவள்தான். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதே கம்பெனி, அதே சத்தைப் பல மடங்கு செறிவாக்கி, கெட்டிப் பவுடர் என்று ஒன்றும் விற்கிறது. வாளியில் வரும். பெரிய பண்ணைகளில் மொத்தத் தீனியில் கலப்பதற்கானது, அதற்கு நகத்தளவு கரண்டி ஒன்று தருவார்கள். சாமான் வாங்கப் போகிற வண்டி என்னுடையது என்பதால் வாங்குவதில் சிரமம் இல்லை. ஈரம் புகாத பழைய டப்பாவில் புதுச் சரக்கைக் கொட்டி வைப்பது எல்லாத் தீனி அறைகளிலும் உள்ள வழக்கம். நானும் அந்த வழக்கப்படியே, அவள் வருவதற்கு முன்னால், பழைய டப்பாவில் கெட்டிப் பவுடரைக் கொட்டினேன். கரண்டி பழைய கரண்டிதான்.

"பவுடர் கொஞ்சம் கருப்பா இருக்கே மாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"புதுச் சரக்கும்மா. நல்லா காய வெச்சிருப்பான்" என்றேன்.

மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற பெண். அன்றிலிருந்து தினமும், கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து, ஒரு துளி சிந்தாமல் போட்டு வந்தாள். அளவில் அவளைப் போல ஒழுங்கானவர்களை நான் பார்த்ததில்லை.

முதலில் பிடரி மயிர் கையோடு வந்தது, பிறகு வால். அவள் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தாள். பருவம் மாறும்போது உதிரும் என்றேன். நீங்கள் அனுப்பிய டாக்டர் லாயத்துக் கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டு, பூஞ்சை என்று சொல்லி, களிம்பு எழுதிக் கொடுத்தார். படித்த படிப்புக்கு ஷூவில் சாணி படக்கூடாது என்று நினைத்திருக்கலாம். தீனி அறைக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அப்போதே மாட்டியிருப்பேன்.

குளம்பின் மேல்விளிம்பில் வளையம் வளையமாகப் பள்ளம் விழுந்தது. அதை மறைப்பதுதான் கொஞ்சம் வேலை வாங்கியது. ஒவ்வொரு முறையும் நுண்ணரம் போட்டு வளையங்களைச் சமப்படுத்தி, எண்ணெய் பூசி விட்டேன். அவ்வளவு சுத்தமான அர வேலையை இந்த ஊரில் வேறு யாரும் செய்ய முடியாது.

முன்வலது காலின் குளம்பு ஒரு வியாழக்கிழமை மேலே சுற்றிலும் பிளந்தது. சீமாட்டி படுத்தது, எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊசி போட்டார்கள். தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவன் நான். கண் மூடுகிறவரை அது என் சட்டைக் கையை மோந்துகொண்டே இருந்தது. குதிரை மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, நல்ல குதிரை.

பிறகு கிடங்கில் காலி வாளிகளைக் கண்டுபிடித்தீர்கள். அவற்றை நான் ஒளித்து வைக்கவே இல்லை. பெண் கெட்டிப் பவுடரைக் கொட்டிவிட்டுக் கரண்டியை மாற்ற மறந்துவிட்டாள் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். அவள் என் வீட்டுக்கு வந்து வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானா கொட்டினேன் மாமா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"வாரத்துக்கு எத்தனை டப்பா கொட்டுறே, எல்லாம் ஞாபகம் இருக்குமா? மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுடும்மா. மனசு லேசாயிடும்."

உங்களிடம் இருக்கிற மன்னிப்புக் கடிதத்தின் வாசகம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. கால்நடை மருத்துவமனைப் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்திருந்த இடம் அந்தக் கடிதத்தால் போய்விட்டது. இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம், நாளெல்லாம் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாளாம். தங்கை போன் செய்து அழுதாள். வயதுப் பெண்தானே, தேறிவிடுவாள் என்று ஆறுதல் சொன்னேன். இதையெல்லாம் சொல்ல நான் இங்கே வந்ததாக நினைக்காதீர்கள். அந்த விஷயம் முடிந்துபோனது. அதைக் கிளற எனக்கு ஆசை கிடையாது.

நேற்று உங்கள் டாக்டரின் அறிக்கையை அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி போடாமலேயே படித்தேன். மூன்றாம் பக்கத்தில், "குளம்பில் தோன்றியிருக்க வேண்டிய வளையங்களை லாடம் அடிப்பவர் கவனிக்கத் தவறிவிட்டார், வயது காரணமாகப் பார்வை மங்கியிருக்கலாம்" என்று இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன். முதல் வளையத்தை அது விழுந்த அன்றே பார்த்தவன் நான். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள், மற்றது உங்கள் இஷ்டம்.