பதினேழாம் இலக்கப் படம்

— கதவைச் சாத்தாதேங்கோ அம்மா. நான் தோட்டத்து ஆள் இல்லை. பூசுற சாமானுகளில கூடாதது ஏதும் கலந்திருக்கோ எண்டு பாக்கிற அரசாங்கக் கந்தோரில இருந்து வந்தனான். பேர் கேசினி. பதுளையில இறங்கி, பசறையில பஸ் மாறி வாறன்.

— சாத்தலைங்க மிஸ். பனி உள்ளுக்கு வருது, அதான் ஒருக்களிச்சு வச்சேன். இந்த மடுல்சீமைல பகல் ரெண்டு மணிக்கே இப்படித்தாங்க. உள்ள வாங்க.

— நீங்கள் இராக்கம்மாதானே? தொண்ணூற்றெட்டில கொழுந்தெடுக்கிற இருபத்திநாலு பேருக்கு ஒரு வெயில் கிறீம் குடுத்தவை. அதில நீங்களும் ஒராள்.

— ஆமாங்க. மாசி மாசம், காலையில பேர் கூப்புடுற பெரட்டு முடிஞ்ச கையோட டப்பா குடுத்தாங்க. காலையில மூஞ்சிக்குப் பூசிக்கிட்டு மலைக்குப் போகணும். வெயிலு தோல உரிக்காதாம். ஆறு மாசம் பூசணும்னாங்க. வெளியில பேசப்படாதுன்னும் சொன்னாங்க.

— என்னோட பேசலாம். உரிக்கேல்லையோ?

— உரிக்கலைங்க. வெயிலே படலைங்க. உச்சி வெயில்ல நிப்போம், ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும், மூஞ்சி மட்டும் சில்லுன்னு கெடக்கும். வேற யாரு மூஞ்சியவோ வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி. அப்புறம் இந்த அட்டைங்க.

— அட்டையோ?

— மழை பேஞ்சா அட்டை கழுத்து வரைக்கும் ஏறும் மிஸ். தாடைக்கு வந்ததும் நின்னுரும். தலையத் தூக்கி அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கும். திரும்பி எறங்கிரும். ஒண்ணுகூடக் கடிக்காது. எங்க பக்கத்து வீட்டுப் பெரியாயியும் பூசுனவதான், கைப்புள்ளக்காரி. அவ கன்னத்தோட கன்னம் வச்சா அந்தப் புள்ள வீல்னு கத்தும். அவங்க அப்பன்கிட்ட ஒட்டிக்கும், அவகிட்ட வராது.

— இதொண்டும் பைலில இல்லை. “ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை, இருபத்திநாலு பேர் தொடங்கி இருபத்திநாலு பேரும் முடிச்சவை” எண்டுதான் எழுதிக் கிடக்கு.

— இருவத்திநாலு பேருமா முடிச்சோம்?

— அப்பிடித்தான் போட்டிருக்கு. ஏனம்மா?

— ஒண்ணுமில்லைங்க. நீங்க சொல்லுங்க.

— வியாழக்கிழமை எங்கட குழு கூடுது. சரியெண்டு முத்திரை குத்தினால் அடுத்த மாசம் பண்டாரவளை, கொழும்பு, எல்லாக் கடையிலயும் வந்திடும். எல்லாரும் ஓமெண்டிட்டினம். நான் மட்டும் ஆக்களை ஒருக்கா நேரில பாத்திட்டுச் சொல்லுறன் எண்டு வந்தனான்.

— எத வச்சுங்க எல்லாரும் சரின்னாங்க?

— ஒரு படத்தை வச்சு. ஆறாம் மாசம் எல்லாற்ற முகத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கினம். மற்ற முகங்களில கொஞ்சமெண்டாலும் சிவப்பு இருக்கு, கறுப்பு இருக்கு. பதினேழாம் இலக்கத்தில ஒண்டுமே இல்லை. வெயிலே காணாத தோல். படத்துக்குக் கீழ பேர் போடேல்லை, இலக்கம் மட்டும்தான். அந்தப் பிள்ளையைத்தான் எனக்குப் பாக்கவேணும். இந்தாங்கோ, தெரிஞ்ச முகமோ?

— வாசப்பக்கம் குடுங்க மிஸ். வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறேன்.

— அம்மா? ஏன் படத்தைத் தடவிப் பாக்கிறியள்?

— ஜீவராணிங்க. என் மக.

— உங்கட மகளோ! நல்லதாப் போச்சு. மலையால எத்தினை மணிக்கு இறங்குவா? நான் இருந்து பாத்திட்டே போறன்.

— டப்பா குடுத்த அந்த ஐயாதாங்க இந்தப் படத்த எடுத்தாரு. நேரா வீட்டுக்கே வந்தாரு. வாசல்ல கூட்டம், அதுக்குள்ள பூந்து வந்தாரு. பொகை மறைக்குது, பத்தியத் தள்ளி வைங்கன்னாரு. நல்ல மனுசன், நம்ம வீடு தேடி வந்திருக்காருன்னு நெனச்சு நான் தள்ளி வச்சேன்.

— பத்தியோ? என்ன, பூசையோ அண்டைக்கு? சரி, நெத்தியில இந்த வட்டம் ஏன்? அந்த இடத்தில மட்டும் கிறீம் பூசாமல் விட்டு ஒப்பிட்டுப் பாத்தவையோ?

— அது காசுங்க. ஒத்தக் காசு.

— காசோ... கண்ணை மூடி வைக்கச் சொன்னது, கிறீம் உள்ளுக்குப் போயிடும் எண்டாக்கும்?

— அவகிட்ட யாரும் சொல்லலைங்க மிஸ். மூணு நாள் காச்சலோட கெடந்தா, நாலாம் நாள் விடிய அந்தக் கண்ண மூடிவிட்டது நாந்தாங்க.