படகுக்காரிக்காக வழக்காடிய நடுவர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, வெளியீட்டு நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, நடுவரின் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அவருடைய கணவர் அவர்களே, மகளே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்கும் ஓவியர்களே, நிரலாளர்களே, நாங்கள் செய்த ஆட்டங்களை விளையாடி விளையாடி எங்களுக்கு உறவாகவே ஆகிப்போன நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இரங்கல் உரையை எழுதிக்கொண்டு வரும்படி தலைவர் சொன்னார். எழுத்துதான் என் தொழில். எங்கள் ஆட்டங்களில் அரசன் முழங்குவது, சூனியக்காரி சபிப்பது, கழுதை மேய்ப்பவன் புலம்புவது எல்லாம் நான் எழுதியவை. எத்தனையோ சாவுகளை எழுதியிருக்கிறேன். இந்த ஒரு சாவுக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. 'இருந்தார்' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் கை 'இருக்கிறார்' என்றே எழுதுகிறது. ஆகவே எழுதாமல் வந்திருக்கிறேன். பேச்சு கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை காலை அவர் இருந்தார். மதியம் இல்லை. இதை எப்படி நம்புவது? நோய் என்று ஒன்று இருந்ததா? இல்லை. ஒரு நாளாவது படுத்தாரா? இல்லை. தலைவலி என்றாவது சொன்னாரா? சொல்லவில்லை. உள்ளே வரும்போது வாசலில் இருக்கும் காவலரிடம், "காபி மெஷின் இன்னும் சரியாகலையா? அதையும் நான்தான் உக்காந்து பாக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காவலர் ஒரு வாரமாக இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொன்ன ஆளிடமே மறுபடி சொல்கிறார். யாரும் அவரை நிறுத்துவதில்லை.

பதவியால் அவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். ஆனால் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. நடுவர். அவ்வளவுதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவருடைய அண்ணன் நேற்று சொன்னார். சின்ன வயதில் வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் பாம்பும் ஏணியும் ஆடுவார்களாம். "இவ மட்டும் ஆட வரமாட்டா. சுவரோரமா உக்காந்து யாரு கட்டத்தைத் தாண்டி வைக்கறாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பா. ஒருநாள் அப்பாவையே பிடிச்சுட்டா" என்றார். அப்பாவைப் பிடித்த அந்தக் கண்தான் பிறகு எங்களையெல்லாம் பிடித்தது.

அவருடைய உறவினர்கள் பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியாமல் இருக்கலாம். வீடியோ கேம் என்றால் சுடுவது, ஓடுவது என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் செய்வது வேறு வகை. மந்திரமும் பறக்கும் நாகமும் உள்ள ஓர் உலகம். அதற்குள் நீங்கள் போகிறீர்கள். நீங்களாக அல்ல, வேறொருவராக. வீரனாகலாம், வைத்தியராகலாம், திருடனாகலாம். அந்த வாழ்க்கையை நீங்கள்தான் நடத்த வேண்டும். இப்படிப்பட்ட உலகத்துக்குள் போகிறவருக்கு என்ன வேண்டும்? நடுவர் தம் ஆயுளெல்லாம் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

வெளியீட்டாளர்கள் கருத்துக் கணிப்பு எடுத்து அனுப்புவார்கள். ஆட்டக்காரர்களுக்கு இன்னும் பெரிய உலகம் வேண்டுமாம், இன்னும் நிறைய வாள்கள் வேண்டுமாம். நடுவர் அதைப் படித்துவிட்டுச் சொல்வார்: "கேட்டா அப்படித்தான் சொல்வாங்க. உக்கார வச்சுப் பாருங்க. பாதிப் பேர் முதல் ஊரைவிட்டே நகர மாட்டாங்க. ஏன்? அங்க ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா."

உட்கார வைத்துப் பார்ப்பதுதான் அவர் முறை. எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு சிறிய சோதனை அறை உண்டு. ஒரு திரை, ஒரு மெத்தை இருக்கை, அதற்குப் பின்னால் ஒரு தாழ்ந்த நாற்காலி. வெளியிலிருந்து யாரையாவது அழைத்து வந்து ஆடச் சொல்வார். தாம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆடுகிறவர் வழி தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார், எங்களுக்கு நாக்கு துடிக்கும். அவர் அசைய மாட்டார். அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். "எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்து சீட்டுல தனியா ஒரு பிரேக் இருக்கு, மிதிச்சுடுவார். எனக்கு அது கிடையாது. வண்டி பள்ளத்துல விழுந்தா, பள்ளம் தோண்டினது நான். அதைத்தான் நான் பாக்கணும்" என்பார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் ஆட வந்தார். ஆட்டத்துக்குள் போனதும் முதல் வேலையாக ஒரு கடையில் ரொட்டியைத் திருடினார். திருடிவிட்டு நடுத்தெருவில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைக்காரர் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "என்னம்மா இது, யாருமே பிடிக்க வரலை" என்றார். அன்று நடுவர் எங்கள் அறைக்கு ஓடி வந்தார். "திருடனுக்கே வருத்தம்பா! செஞ்சதை யாரும் கவனிக்கலையாம். நல்லது செஞ்சாலும் கெட்டது செஞ்சாலும் அந்த ஊரு திரும்பிப் பாக்கணும். அதுக்குத்தான் வர்றாங்க" என்றார். அந்தக் கடைக்காரருக்குக் கண்ணும் வாயும் வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அந்த ஆட்டத்தில் ஊரெல்லாம் பேசியது எதை? நாகத்தையா? இல்லை. கோபித்துக்கொண்டு கடையைச் சாத்திய அந்த ரொட்டிக்காரரைத்தான்.

இனி நான் சொல்லப்போவது இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி. எனக்கும் நடுவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி.

இந்த ஆட்டத்தில் ஒரு படகுக்காரி இருக்கிறாள். ஆட்டக்காரரை முதன்முதலில் ஆற்றைக் கடத்திவிடுபவள் அவள்தான். வாய் ஓயாதவள். யார் எந்த வேடத்தில் வந்தாலும் கேலி செய்வாள். கதை பாதி நகர்ந்ததும் ஆற்று விலங்கு ஒன்று படகைக் கவிழ்க்கும். ஆட்டக்காரர் கரை சேர்வார். அவள் சாவாள். என்ன செய்தாலும் சாவாள். அப்படித்தான் நான் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல காட்சி அது என்று இன்றும் நினைக்கிறேன்.

அதை ஆடிப் பார்க்க ஒரு செவிலியர் வந்தார். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்தச் சகோதரிதான். விடுமுறை நாளில் வந்தார். படகுக்காரி செத்தாள். இவர் ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி ஆடினார். மறுபடி செத்தாள். விலங்கை முன்கூட்டியே கொல்லப் பார்த்தார். துடுப்பை ஒளித்து வைத்தார். வேறு படகுத்துறைக்கு நடந்து போனார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கரையில் போய் நின்றார். படகுக்காரி "ஏறு" என்கிறாள், இவர் ஏறவில்லை. "நான் ஏறலைன்னா இவ சாக மாட்டால்ல?" என்று கேட்டுவிட்டு கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

நடுவர் என்னிடம் வந்தார். "என்ன கதைக்காரரே, ஜெயிக்க வந்தவங்க ஆட்டத்தையே நிறுத்திட்டு நிக்கறாங்க. பாத்தீங்களா?" என்றார். அவள் சாவதை அவர் எதிர்க்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் சாகக் கூடாது என்றார். ஆபத்துக்கு முன்னால் ஓர் அடையாளம் வர வேண்டும், கண்டுகொண்டவர் அவளைக் காப்பாற்றலாம், தவறவிட்டவர் இழக்கலாம். அவள் பிழைத்தால் அதற்குப் பிறகு வரும் கதையெல்லாம் மாறும். மாறட்டும் என்றார். கூட்டம் போட்டோம். மேலாளர் அவர்கள் கேட்டார்: "ஒரு படகுக்காரிக்காக வெளியீட்டையே தள்ளிப்போடறதா?" நடுவர் சொன்னார்: "படகுக்காரிக்காக இல்ல சார். கரையில நிக்கறவங்களுக்காக."

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அது புதன்கிழமை. வெளியே வரும்போது நடைவழியில் நான் அவரிடம் சொன்னேன்: "சாவுன்னா திடீர்னுதான் வரும். யாரு சொல்லிட்டு வருது? நிஜம் அப்படித்தானே?" அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நிஜம் வெளியில வேண்டிய அளவு கிடக்கு. அதுக்காக இங்க எதுக்கு வர்றாங்க?" சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

மறுநாள் காலை இந்தச் சகோதரியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒரு நிரலாளரை உடன் வைத்துக்கொண்டு ஆற்றில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார். விலங்கு வருவதற்கு முன் தண்ணீர் ஒரு பக்கமாகச் சுழிக்கும். அவ்வளவுதான். சகோதரி ஆடினார். சுழிப்பைப் பார்த்துவிட்டார். "மேடம், தண்ணி என்னமோ பண்ணுதே. இது புதுசா?" என்று கேட்டார். பதில் இல்லை. அவர்தான் பேச மாட்டாரே? எனவே ஆடிக்கொண்டே மறுபடி கேட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

நான் எதிர் அறையில் இருந்தேன். கதவு திறந்தது. சகோதரி கத்தவில்லை. "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் போனபோது நடுவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. "பக்கத்துல ஒரு டாக்டரே உக்காந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தச் சுழிப்பைச் சகோதரி கண்டுகொண்டார் என்பது நடுவருக்குத் தெரியுமா? அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததா? யாருக்கும் தெரியாது.

முன்னறிவிப்பில்லாத சாவு அநியாயம் என்று சொன்னவருக்கு அப்படி ஒரு சாவு. சாவு திடீரென்றுதான் வரும் என்று வாதாடினேன் அல்லவா? விடிந்ததும் என் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. இப்படி ஒரு வெற்றி பகைவனுக்கும் வேண்டாம், நண்பர்களே.

மருத்துவமனை வராந்தாவில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில 'இன்னிக்கு லீவு போடேன்'னு சொல்லியிருக்கலாம். வண்டியில கொண்டுவந்து விட்டப்பவே முகத்தைப் பாத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மட்டுமா? நான் என்ன செய்தேன்? இந்த ஒரு வாரமாக அந்தக் காலையைத் திறந்து திறந்து மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தில் கதவைத் தட்டியிருந்தால்? அந்த இடத்தில் காபி குடிக்கக் கூப்பிட்டிருந்தால்? சண்டையைத் தொடரவாவது போயிருந்தால்? ஒவ்வொரு முறையும் அதே முடிவு. கரையில் போய் நின்று ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த அந்தப் பிடிவாதம் என்னவென்று எனக்கு இப்போது தெரிகிறது. அது விளையாட்டு இல்லை.

கதை என்ற அளவில் எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. நடுவர் இருந்திருந்தால் இன்றும் சண்டை போட்டிருப்பேன். ஆனால் எழுதத் தொடங்கிவிட்டேன். தண்ணீர் சுழிக்கும். பார்த்தவர் அவளைக் காப்பாற்றலாம். காப்பாற்றிய பிறகு அவள் பேசப்போவதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலாளர் அவர்கள் இன்று இந்த அரங்கத்துக்குள் வரும்போது என்னை ஓரமாக அழைத்து, "தேதியை நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க" என்றார். இத்தனை பேர் முன்னிலையில் அவருக்கு நன்றி சொல்கிறேன். சாட்சியும் வேண்டும் அல்லவா?

எங்கள் இளைய நண்பர்கள் ஆட்டத்துக்குள் நடுவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்றார்கள். அவருடைய மகளிடம் அனுமதி கேட்டோம். "வேணாம் அங்கிள். அம்மாவுக்கு சிலை வச்சா, முதல்ல வர்ற ஆளே அது தலைமேல ஏறிக் குதிச்சுப் பாப்பான்" என்றாள். தாயைப் போலவே ஆட்டக்காரர்களைத் தெரிந்துவைத்திருக்கிறாள். சிரிக்கலாம், தவறில்லை. நாங்களும் சிரித்தோம், பிறகுதான் அழுதோம்.

அவள் இதுவரை எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட ஆடியதில்லை. "வீட்டு ஆளுங்க மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்வாங்க" என்று நடுவர் அவளைச் சோதனை அறைப் பக்கமே விட்டதில்லை. சிலை வேண்டாம் என்றவள் ஒன்று கேட்டாள். தனக்கு ஆட வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை அந்த அறையை மறுபடி திறக்கிறோம். முதலில் ஆடப்போவது அவள். நடுவரின் பெயரால் இந்த மன்றத்தில் நாங்கள் உறுதி சொல்கிறோம். அவளுக்காக எதையும் எளிதாக்க மாட்டோம். அவள் வழி தவறினால் தவறட்டும், தோற்றால் தோற்கட்டும். அவள் செய்வது எதுவானாலும் அந்த உலகம் அவளைத் திரும்பிப் பார்க்கும். ஆபத்து என்று ஒன்று வருமானால், வருவதற்கு முன்பே அது அவள் கண்ணில் படும்.

அதற்கு நாங்கள் பொறுப்பு.